உள்ளாட்சிச் சட்ட முனைவர் பட்ட ஆய்வு: உதவித்தொகை இடங்களை முன்கூட்டியே அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், சட்ட ஆய்வு மாணவர் சங்கம்.
பெறுநர்: பதிவாளர் அவர்கள், ஆராய்ச்சிப் பிரிவு இயக்குநர் அவர்கள்.
பார்வை: இதே பொருள் குறித்துச் சங்கம் முன்னர் அளித்த நான்கு மனுக்கள்.

ஐயா / அம்மையீர்,

சட்டத் துறையின் ஆய்வாளர்களும், சேர்க்கைக்குக் காத்திருக்கும் முதுகலைப் பட்டதாரிகளும் இச்சங்கத்தின் உறுப்பினர்கள்.

உள்ளாட்சிச் சட்டத்தில் இந்த ஆண்டு எத்தனை இடம், நெறியாளர் யார், எந்த இடத்துக்கு உதவித்தொகை உண்டு என்று முதல் மனுவில் கேட்டோம். பரிசீலனையில் உள்ளதாகப் பதில் வந்தது. இரண்டாம் மனுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியைச் சுட்டினோம். மூன்றாவதில் அதன் நகலை இணைத்தோம். நான்காவதில் முந்தைய மூன்று மனுக்களின் நகல்களையும் சேர்த்தோம். பிந்தைய மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டைத் தவிர வேறெதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அதே விதியை மீண்டும் எடுத்துவைக்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறையின்படி, மொத்த இடங்கள், பாடவாரியான பகிர்வு, தேர்வு அளவுகோல், சேர்க்கை நடைமுறை ஆகியவை அடங்கிய விளக்கக் குறிப்பேட்டைப் பல்கலைக்கழகம் போதிய கால அவகாசத்துடன் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். விண்ணப்பதாரருக்குப் பயன்படும் பிற தகவல்களும் அதில் இருக்க வேண்டும் என்கிறது அதே விதி. மூன்று ஆண்டுக்குக் குறையாமல் முழுநேரமாக ஆய்வு செய்ய வருபவருக்கு, மாதந்தோறும் பணம் வருமா வராதா என்பதைவிடப் பயனுள்ள தகவல் எது?

இந்த மௌனத்தால் யார் இழக்கிறார்கள் என்பதைத் தாங்கள் பார்க்க வேண்டும். 2024 முதல் நெட் தேர்வில் மூன்று பிரிவுகளாகத் தகுதி தருகிறார்கள். முதற்பிரிவினருக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். மற்ற இரு பிரிவினருக்கு அது இல்லை. முனைவர் பட்டச் சேர்க்கைக்கு அவர்களுடைய மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். அந்த ஓராண்டுக்குள் அறிவிக்கை வராவிட்டால் தேர்வை மறுபடி எழுத வேண்டும். வந்த அறிவிக்கையிலும் 'அரசியலமைப்புச் சட்டம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாம் அடங்கிவிட்டால், தம் தலைப்பை ஏற்கும் நெறியாளர் இருக்கிறாரா என்று தெரியாமலே கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்த பிறகு உதவித்தொகை இல்லை என்று அறிபவர் வேலையைத் தேடிக்கொண்டு ஆய்வை விடுகிறார். கையிருப்பு உள்ளவர் மட்டும் நிலைக்கிறார். அதைத் தகுதி அடிப்படையிலான தேர்வு என்று கொள்ள முடியாது.

காலியிடம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பது அலுவலகத்தில் வாய்மொழியாகக் கூறப்படும் காரணம். ஒரே காலத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களை வழிநடத்தலாம் என்று அதே ஒழுங்குமுறை வரம்பிடுகிறது. நெறியாளர்களின் பெயர்களோடு அவர்களிடம் பதிந்தவர்களின் தலைப்பையும் சேர்க்கை நாளையும் இணையதளத்தில் வைத்து ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் சொல்கிறது. அந்தப் பட்டியலைப் புதுப்பித்து வந்தால் காலியிடம் எளிய கழித்தல் கணக்குதான். நிதி அலுவலகத்தின் கையில் இல்லை என்றும் கூறப்படுகிறது. புதிய நிதியை நாங்கள் கேட்கவில்லை. எந்த இடத்துக்கு நிதி உண்டு, எதற்கு இல்லை என்று எழுத்தில் சொல்லும்படியே கேட்கிறோம். 'இல்லை' என்ற சொல்லும் விண்ணப்பதாரருக்கு உதவும்.

உள்ளாட்சிச் சட்டம் தனிப் பாடமல்ல என்ற வாதத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது திருத்தங்கள் அரசியலமைப்பில் இரு புதிய பகுதிகளையே சேர்த்தன. உள்ளாட்சி மன்றத்தின் காலம் ஐந்தாண்டுதான் என்கிறது அரசியலமைப்பு. ஆயினும் தமிழ்நாட்டில் 2016-இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல், ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரியிலும் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். 1998-இல் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாதபோது தனி அலுவலர் எடுக்கும் முடிவுகளின் எல்லை எது, தேர்தல் தள்ளிப்போனால் குடிமக்களுக்கு உள்ள பரிகாரம் என்ன என்பவை இன்றைய கேள்விகள். ஒரு மாநிலத்தின் ஊராட்சிகள் ஆண்டுக்கணக்கில் மன்றமின்றி இயங்கியதை ஆராய, குறிப்பேட்டில் ஒரு வரி இடம் தருவது மிகையல்ல.

எனவே, அடுத்த சேர்க்கைக்கான விண்ணப்பம் திறக்குமுன், உள்ளாட்சிச் சட்டத்துக்கான இடங்களையும் நெறியாளர் பெயரையும் ஒவ்வொரு இடத்துக்கும் உரிய உதவித்தொகை நிலையையும் குறிப்பேட்டில் வெளியிடுமாறு கோருகிறோம்.

   

இம்மனுவுக்கு எழுத்துப்பூர்வமான பதிலை முப்பது நாட்களுக்குள் அளிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய நான்கு மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகளுடன்.