பதினான்கு ஆண்டுக் கணக்கு

2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் ஓர் இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னை முகலிவாக்கத்தில் ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கு அது. அந்தக் குழந்தைக்கு நேர்ந்ததை நினைத்து உறக்கம் தொலைத்த வீடுகளில் அன்று ஒரு நிம்மதி பரவியது. ஐந்தே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை, கண்காணிப்பு கேமரா பதிவு உள்ளிட்ட சாட்சியங்கள் முறைப்படி நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு. குழந்தை இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, அவளைக் கொன்றது யார் என்ற கேள்விக்குச் சட்டத்தின் ஏட்டில் விடையே இல்லை.

தூக்கு வேண்டும் என்று அன்று ஊரே கேட்டது. பிழையில்லாத புலனாய்வு வேண்டும் என்று யாரும் அதே குரலில் கேட்கவில்லை. இந்த நாளிதழ் உள்பட ஊடகங்களும் கேட்கவில்லை. கொலைக்குத் தண்டனை தூக்கா, ஆயுளா என்ற விவாதத்தை இந்த வலியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தூக்கு கேட்கும் மக்களைக் கொடியவர்கள் என்று சொல்வது அநியாயம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் நின்று மனித உரிமை வகுப்பு எடுக்க யாருக்கும் தகுதியில்லை. ஆனால், தூக்கு கேட்பவர்களோடு சற்று உட்கார்ந்து பேசிப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே உண்மை வெளிப்பட்டுவிடும்: "ஆயுள்னா பதினாலு வருஷம்தானே, வெளியே வந்துடுவான்." கயிற்றின் மீதுள்ள ஆசையைவிட, சிறைக் கதவின் மீதுள்ள அவநம்பிக்கையே இந்தப் பேச்சில் பெரிதாக இருக்கிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை என்றால் கைதியின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும்தான் என்று 1961லேயே கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பதினான்கு என்ற எண் சட்டத்துக்குள் வேறொரு வேலைக்காக வந்தது. மரண தண்டனைக்கும் வாய்ப்புள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரைப் பதினான்கு ஆண்டுகள் முடியும் முன் அரசு விடுவிக்கவே கூடாது என்று 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இன்றைய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்திலும் அது தொடர்கிறது. அரசின் கையைக் கட்டுவதற்காக வைத்த குறைந்தபட்ச எல்லை, மக்கள் மனதில் அதிகபட்சத் தண்டனையாகப் பதிந்துவிட்டது.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மக்களின் விடையும் மாறுகிறது. கொலைக்கு மரண தண்டனையை ஆதரிக்கிறீர்களா என்று கேலப் நிறுவனம் 2019இல் அமெரிக்கர்களிடம் கேட்டபோது 100க்கு 56 பேர் ஆம் என்றார்கள். அதே ஆண்டு, மரண தண்டனையா, பரோலில் வர வழியே இல்லாத ஆயுள் சிறையா, எது மேல் என்று கேட்டபோது 60 பேர் சிறையைத் தேர்ந்தார்கள். கொலையாளி திரும்பி வர மாட்டான் என்ற உறுதி கிடைத்ததும் அவர்களில் பலருக்குக் கயிறு தேவைப்படவில்லை. நம் ஊரிலும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நமக்குக் கிடைப்பதோ 'தூக்கில் போடலாமா, விட்டுவிடலாமா' என்ற கேள்விதான். விட்டுவிடு என்று எந்தத் தாய் சொல்வாள்?

அந்த அவநம்பிக்கையை மக்கள் தாமாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. அதை ஊட்டி வளர்த்தவை நம் அரசுகள்.

2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரி அருகே, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சென்ற பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் தண்டனை அறிவிக்கப்பட்டதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் இந்தக் கொடுமை. அதிமுகவைச் சேர்ந்த மூவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2016இல் அதே நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. அதுவரை நடந்ததில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் 2018 நவம்பரில், அவர்களுடைய கட்சி ஆட்சியில் இருக்கும்போதே, எம்ஜிஆர் நூற்றாண்டையொட்டிய முன்விடுதலையில் மூவரும் வெளியே வந்தார்கள். தூக்கு நீங்கியதற்கும் விடுதலைக்கும் நடுவே மூன்று ஆண்டுகூட இல்லை. அந்த மாணவிகளின் பெற்றோருக்கு ஆயுள் தண்டனையின் மேன்மையைப் பற்றி யார் பாடம் சொல்வது?

மேலவளவு இன்னும் கசப்பானது. தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராகிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக, 1997 ஜூன் 30 அன்று அந்தத் தலைவர் முருகேசனும் அவரோடு சென்றவர்களும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பதினேழு பேருக்கு ஆயுள் கிடைத்தது. மூன்று பேர் 2008இல் அண்ணா நூற்றாண்டின் பேரிலும், பதின்மூன்று பேர் 2019 நவம்பரில் எம்ஜிஆர் நூற்றாண்டின் பேரிலும் விடுவிக்கப்பட்டார்கள். ஆட்சி மாறினாலும் வழக்கம் மாறவில்லை. அவர்களை விடுவித்த அரசாணையின் நகலைப் பெறவே உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. இருபெரும் தலைவர்களின் பிறந்தநாளுக்கும் சாதிக் கொலையாளிகளின் விடுதலைக்கும் என்ன உறவு? கைதி திருந்தினாரா என்று ஆளுக்கு ஆள் பார்த்து எடுக்க வேண்டிய முடிவை, விழாப் பரிசுபோல் கூட்டமாக வழங்கினார்கள்.

இது தமிழ்நாட்டின் நோய் மட்டுமல்ல. பில்கிஸ் பானு வழக்கின் பதினோரு ஆயுள் கைதிகளைக் குஜராத் அரசு 2022 சுதந்திர தினத்தன்று விடுவித்தது, வெளியே வந்தவர்களுக்கு இனிப்பும் மாலையும் கிடைத்தன. அந்த விடுதலை செல்லாது, திரும்பிச் சிறைக்குப் போங்கள் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. அந்த மாலைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அடுத்த கொலை வழக்கில் தூக்கு கேட்டால், குற்றம் அவர்களுடையது அல்ல.

அப்படியானால் தூக்கே சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. ஏன் என்பதற்குத் தமிழர்களுக்கு வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் இருபத்தாறு பேருக்குத் தூக்கு விதித்தது. குற்றம் சாட்டப்பட்டு எதிரே நின்ற ஒருவரையும் விடவில்லை. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதில் பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது, மூவருக்கு ஆயுளாக்கியது, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது வயது பத்தொன்பது. அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது. 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளும் குறித்தார்கள். அதை எதிர்த்துக் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்தார், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற சிபிஐ அதிகாரி ஓர் உண்மையைச் சொன்னார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. குறித்த நாளில் கயிறு இறுகியிருந்தால் அந்த உண்மையை அவருடைய தாய் அற்புதம்மாளிடம் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

அந்த நாட்களில் தூக்குக் கயிற்றை அறுக்கத் தெருவுக்கு வந்த அதே சமூகம்தான் அடுத்தடுத்த வழக்குகளில் தூக்கு கேட்கிறது. நமக்குப் பெயர் தெரிந்தவர் என்றால் கருணை, முகம் தெரியாதவர் என்றால் கயிறு என்று இருக்கிறோம். முகம் தெரியாதவர்கள் யார்? தூக்கை எதிர்நோக்கியிருந்த கைதிகளில் 373 பேரை டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நேர்கண்டு 2016இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். ஏறத்தாழ அதே அளவினர் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அற்புதம்மாளைப்போல் முப்பது ஆண்டு கதவு கதவாகத் தட்டும் தாய் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, வாய்த்தாலும் அந்தத் தாய்க்கு டெல்லி போகப் பயணச்சீட்டு வாங்கக் காசு இருப்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் 2003இல் நடந்த ஒரு கொலை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்குக் கீழமை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் அதில் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி ஆறு பேருக்கும் தூக்கே என்றது. 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம், ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவர். தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவு. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே பத்து ஆண்டுகளுக்கு முன் தான் சொன்னது தவறு என்று திருத்திக்கொள்ள முடிந்தது, அந்த ஆறு பேரும் உயிரோடு இருந்ததால் மட்டுமே.

இந்த நூற்றாண்டில் இந்தியா இதுவரை தூக்கிலிட்டது எட்டுப் பேரை. கீழமை நீதிமன்றங்கள் விதிக்கும் மரண தண்டனைகளில் உச்ச நீதிமன்றம் வரை நிற்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. தூக்கு என்ற தலைப்புச் செய்தியோடு வெளிச்சம் அணைந்துவிடுகிறது. பிறகு மேல்முறையீடு, மறுசீராய்வு, கருணை மனு என்று இறந்தவரின் குடும்பமும் கைதியின் குடும்பமும் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. உடுமலைப்பேட்டை ஆணவக் கொலையில் 2017இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தபோது சாதிக்கு எதிராகப் போராடுபவர்கள்கூட மகிழ்ந்தார்கள். 2020இல் உயர் நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்து, ஐவருக்குத் தண்டனைக் குறைப்பு இல்லாத இருபத்தைந்து ஆண்டு சிறையாக மாற்றியது.

பொதுமக்கள் கருத்தைத் தராசாக வைத்து உயிரை நிறுக்கலாமா என்பதும் இங்கே எழுகிறது. சமூகத்தின் கூட்டு மனசாட்சிக்கு நிறைவளிப்பதை ஒரு காரணமாகவே 2005இல் அப்சல் குரு வழக்கின் தீர்ப்பு எழுதியது. அந்த மனசாட்சியை அளந்தது யார், எந்தக் கருவியால் என்று தீர்ப்பில் இல்லை. 2025 ஜனவரியில் கொல்கத்தா ஆர்ஜி கர் மருத்துவமனை வழக்கில் சியால்தா நீதிபதி இதற்கு நேர்மாறாக நடந்தார். மாநிலமே தூக்கு கேட்டுக் கொந்தளிக்க, முதல்வரும் தூக்கு கேட்க, இது அரிதினும் அரிதான வழக்கு அல்ல என்று ஆயுள் விதித்தார். மாநில அரசு உடனே மேல்முறையீட்டுக்கு ஓடியது. நம் பார்வையில் அந்த நீதிபதி தன் நாற்காலிக்கு உரிய மரியாதையைக் காப்பாற்றினார்.

எனவே நம் நிலைப்பாடு இது: கொலைக்குத் தூக்கை ஒழிக்க வேண்டும், கூடவே ஆயுள் தண்டனையை மக்கள் நம்பும்படி சீராக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதைக் கைவிட்டால் இரண்டும் தோற்கும். ஒழிக்கச் சொல்வது புதுக் குரல் அல்ல. அரசியல் நிர்ணய சபையில் 1949இலேயே அம்பேத்கர் அந்தப் பக்கம் நின்றார். நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015இல் அதையே பரிந்துரைத்தது, பயங்கரவாதத்துக்கும் நாட்டின் மீது போர் தொடுப்பதற்கும் மட்டும் விலக்கு வைத்தது. அந்த விலக்கை நாம் ஏற்கவில்லை. பூந்தமல்லியில் இருபத்தாறு பேருக்குத் தூக்கு விதித்ததே தடா என்ற பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கான நீதிமன்றம்தான். அச்சமும் கோபமும் மிகுந்திருக்கும் வழக்கில்தான் தவறு நேரும் வாய்ப்பும் மிகுதி. 2023இல் புதிய குற்றவியல் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது இந்தப் பரிந்துரையை மேசைக்குக் கொண்டுவர நல்ல வாய்ப்பு இருந்தது. தூக்குக்குரிய குற்றங்களின் பட்டியலை நீட்டியதுதான் மிச்சம்.

ஆயுள் பக்கத்தில் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. தூக்குக்குப் பதிலாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் முடியும்வரை தண்டனைக் குறைப்பே கிடையாது என்று விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உண்டு என்று 2008இல் சிரத்தானந்தா வழக்கிலும் 2015இல் ஸ்ரீஹரன் வழக்கிலும் தீர்ப்பாகியிருக்கிறது. கொடிய கொலைகளில் அந்த ஆண்டுக் கணக்கு திறந்த நீதிமன்றத்தில், எல்லோர் காதிலும் விழும்படி அறிவிக்கப்பட வேண்டும். அதற்காகக் கைதி சாகும்வரை ஒருமுறைகூட யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்ல மாட்டோம். இருபத்தைந்து ஆண்டு கழித்து முற்றிலும் வேறு மனிதராக நிற்பவரை அடையாளம் காண ஒரு வாசல் இருக்கத்தான் வேண்டும். அந்த வாசலின் சாவி ஆளுங்கட்சியின் சட்டைப்பையில் இருக்கக் கூடாது.

தமிழ்நாடு அரசு இதற்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. தலைவர்களின் பிறந்தநாளுக்குக் கூட்டமாக விடுவிக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம். ஒவ்வொரு கைதியின் மனுவையும் தனித்தனியே பரிசீலித்து, காரணத்தை எழுதி, அரசாணையை அன்றே பொதுவெளியில் வைக்கலாம். முடிவெடுக்கும் முன் கொலையுண்டவரின் குடும்பத்துக்குக் கடிதம் அனுப்பி, அவர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யலாம். மேலவளவிலும் தருமபுரியிலும் அந்தக் கடிதங்கள் போயிருக்க வேண்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன.