தோல் கடல் தாண்டலாம், சாதி தாண்டக்கூடாதா?

ககன்விஹாரி லல்லுபாய் மேத்தா சிந்தியா கப்பல் கம்பெனியின் நிர்வாகி. முதலாளிகளின் கூட்டமைப்பான ஃபிக்கிக்குத் தலைவராகவும் இருந்தவர். 1952இல் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதரானார். 1955 ஆகஸ்டில் ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில், நிறத்தைப் பார்த்து, அவரைத் தனி அறைக்குப் போகச் சொன்னார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸே மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் அந்த மன்னிப்பு தூதருக்கு மட்டும்தான். கறுப்பின மக்களுக்கு அதில் பங்கில்லை. பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வர 1964 ஆனது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்யும் எனக்கு அந்தத் தனி அறை புதிதல்ல. நம் ஊர்களில் அது சேரி, தனிக்குவளை. தொழிற்சாலைகளில் ஈரத்தோலோடு நிற்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள். தோலைத் தொட்டவரைத் தீண்டத்தகாதவர் என்ற சமூகம், அதே தோல் டாலராகத் திரும்பும்போது தீட்டுப் பார்ப்பதில்லை.

2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் பேசவேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன. சாதி வேறு, இனம் வேறு, இது உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு.

தூதருக்கு நேர்ந்தால் சர்வதேசப் பிரச்சினை, தோல் பதனிடுபவருக்கு நேர்ந்தால் உள்நாட்டு விவகாரமா? நாம் செய்யும் ஷூ வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிறது. அதை வாங்கும் நிறுவனங்கள் கூலியையும் கழிவுநீரையும் மட்டுமல்ல, சாதியையும் பற்றிக் கேள்வி கேட்கவேண்டும். கேட்கவைப்பது நம் வேலை.