குழந்தை உணவைத் தேடும் பெரியவர்கள்: ஹலாலா என்பது மட்டும்தானா கேள்வி?

அமெரிக்காவின் நியூஜெர்சியில் குடியிருக்கும் ஒரு சகோதரி, சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் நமக்கு ஒரு மார்க்கக் கேள்வி அனுப்பியிருந்தார். கீழக்கரைப் பக்கத்துப் பெண். கைக்குழந்தைக்கு எட்டு மாதம். "ஹஜ்ரத், இங்கே குழந்தைகளுக்கு விற்கிற பழக்கூழ், காய்கறிக்கூழ், கோழிக்கறிக்கூழ் பாக்கெட்டுகளைப் பெரியவர்கள் சாப்பிடலாமா? ஹலால் முத்திரை இல்லை. நான் நாளைக்கு நாலைந்து எடுக்கிறேன். கலோரி கம்மி, எடையும் குறைகிறது" என்று எழுதியிருந்தார்.

ஹலால் பற்றிய பதில் சில வரிகளில் முடிந்துவிட்டது. பழமும் காய்கறியும் மட்டும் இருந்தால் தடையில்லை. இறைச்சி சேர்ந்தது என்றால், அது முறைப்படி அறுக்கப்பட்டதா என்பதற்கு நம்பகமான சான்று வேண்டும். அமெரிக்கக் கடைகளில் பன்றி இறைச்சிக் கூழும் அதே வரிசையில், அதே மாதிரிப் பொதியில்தான் நிற்கிறது. சிலவற்றில் ஜெலட்டின் கலந்திருக்கலாம். படித்துப் பார்த்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று அந்தச் செய்திக்குள்ளேயே இருந்தது. பால் கொடுக்கும் ஒரு தாய், குழந்தைக்கு வாங்கியதைத் தின்று ஏன் பகலைக் கழிக்கிறார்?

இந்தப் பழக்கம் அவர் கண்டுபிடித்தது அல்ல. 2010ஆம் ஆண்டு வாக்கில் 'பேபி ஃபுட் டயட்' என்று ஒன்று மேற்கத்தியப் பத்திரிகைகளில் பரபரப்பாக எழுதப்பட்டது. ஹாலிவுட் உடற்பயிற்சியாளர் டிரேசி ஆண்டர்சனின் பெயரோடு அது பேசப்பட்டது. பகல் முழுக்கப் பதினான்கு குப்பி குழந்தைக் கூழ், இரவு மட்டும் பெரியவர்களுக்கான சாப்பாடு என்பது அதன் பொதுவான வடிவம். நடிகை ஜெனிஃபர் அனிஸ்டன் இப்படித்தான் மெலிந்தார் என்று செய்தி வந்தது. அவரோ, அப்படி எதுவும் இல்லை என்று மறுத்துவிட்டார். மறுப்பு யாருக்கு நினைவிருக்கிறது? வதந்திதான் நிலைத்தது.

அதற்கும் முன்பு, 1974இல், குழந்தை உணவுக்குப் பேர்போன கெர்பர் நிறுவனம் 'கெர்பர் சிங்கிள்ஸ்' என்ற பெயரில் பெரியவர்களுக்கென்றே கண்ணாடிக் குப்பியில் உணவு விற்றுப் பார்த்தது. தனியாகத் தங்கியிருக்கும் கல்லூரி மாணவர்களும் இளம் ஊழியர்களும் வாங்குவார்கள் என்பது கணக்கு. வாங்கவில்லை. சீக்கிரமே சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தனியாக உட்கார்ந்து குழந்தைக் குப்பியில் கரண்டி விட்டுச் சாப்பிட அன்றைய மனிதனுக்குக் கூச்சமாக இருந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம்.

அந்தக் கூச்சத்தைப் போக்கியது புதிய சுவையல்ல, புதிய பொதி. 2006இல் பிரிட்டனில் தொடங்கிய எல்லாஸ் கிச்சன் போன்ற நிறுவனங்கள் மூடி திருகி உறிஞ்சும் பைகளைப் பரவலாக்கின. கரண்டி வேண்டாம், தட்டு வேண்டாம், உட்காரவும் வேண்டாம். கார் ஓட்டிக்கொண்டே உறிஞ்சலாம். மாரத்தான் ஓடுகிறவர்களும் சைக்கிள் வீரர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்கு உடனடி மாவுச்சத்து தேவை, அது நியாயம். அலுவலக மேசையிலும் ஜிம் பையிலும் அது நுழைந்த பிறகு, யாரும் அதைக் குழந்தைச் சாமானாகப் பார்ப்பதில்லை.

கலோரி குறைவு என்பது பொய்யில்லை. வகையைப் பொறுத்து ஒரு சிறு குப்பியில் சுமார் 20 முதல் 100 கலோரி வரை இருக்கும். ஆனால் அந்த அளவு யாருக்காக வைக்கப்பட்டது? எட்டு ஒன்பது கிலோ எடையுள்ள, தாய்ப்பாலும் கூடவே குடிக்கிற ஒரு குழந்தைக்கு. குப்பிக்கு 50 கலோரி என்று வைத்துப் பதினான்கைப் பெருக்கினால் 700தான் வருகிறது. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், கடின உடலுழைப்பு இல்லாத ஒரு பெண்ணுக்கே நாளொன்றுக்குச் சுமார் 1660 கலோரி என்கிறது. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் அதற்கு மேல் 600, அடுத்த ஆறு மாதம் 520 சேர்க்கச் சொல்கிறது. இப்போது அந்தச் சகோதரியின் நாலைந்து பாக்கெட்டை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை குறையாமல் என்ன செய்யும்?

சரி, குறைந்த கலோரியில் வயிறாவது நிறைகிறதா? 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் ஆப்பிளை முழுதாக, கூழாக, சாறாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக நிறைவைத் தந்தது முழு ஆப்பிள், பிறகு கூழ், கடைசியில் சாறு. 2009இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதையே மதிய உணவுக்கு முன் சம கலோரியில் கொடுத்துச் சோதித்தார்கள். முழு ஆப்பிள் தின்றவர்களுக்கு, அந்த ஆப்பிளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும், மொத்தம் 15 சதவீதம் குறைவாகவே உள்ளே போயிருந்தது. கூழ் அந்த அளவுக்கு உதவவில்லை. மெல்லுவதும், மெல்ல ஆகும் நேரமும் பசியோடு பேசுகின்றன என்று சொல்லலாம். பழத்தை அரைக்கும்போது அதன் செல்கள் உடைந்து இனிப்பு வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் அரைத்த பழத்தின் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் பிரிட்டன் சேர்த்திருக்கிறது. பெயருக்குத்தான் பழம், நாக்கில் அது ஜாமுக்கு நெருங்கிய உறவு.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அதே பல்கலைக்கழகத்தில் 2007இல் காய்கறி சூப்பைப் பல வடிவங்களில் கொடுத்தபோது, அரைத்த சூப்பும் துண்டு போட்ட சூப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பசியைத் தணித்தன. அப்படியானால் குழைந்த உணவெல்லாம் குற்றவாளி அல்ல. ரமளான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த நமக்கு இதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. அரிசியும் பருப்பும் கொஞ்சம் கறியும் வெந்தயமும் குழைய வெந்து, சூடாக ஒரு கோப்பையில் வருகிறது. பக்கத்தில் ஆள் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, வடையைக் கடிக்கும் பல்லுக்கும் வேலை இருக்கிறது. வயிற்றைப் பங்கிட்டு உண்ணச் சொன்ன நபிமொழியைப் பயான்களில் கேட்டிருப்போம். பங்கிட வேண்டுமென்றால் முதலில் உட்கார்ந்து உண்ண வேண்டும். நடந்துகொண்டே உறிஞ்சுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

பாதுகாப்பு விஷயத்துக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று, பல பெரிய நிறுவனங்களின் குழந்தை உணவுகளில் ஆர்சனிக், ஈயம், காட்மியம், பாதரசம் இருந்ததாக அறிக்கை வெளியிட்டது. 2023 அக்டோபரில் ஈக்வடாரில் தயாரான இலவங்கப்பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ்ப் பைகளில் மிக அதிக ஈயம் கண்டுபிடிக்கப்பட்டு, அவை திரும்பப் பெறப்பட்டன. கலப்படம் பட்டைத் தூளில் இருந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அதன் பின் 2025 ஜனவரியில்தான் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், பெரும்பாலான பழ, காய்கறிக் கூழ்களுக்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஈயம் என்ற வரம்பை வழிகாட்டுதலாக அறிவித்தது. பெரியவர் ஒருவர் எப்போதாவது ஒரு பை உறிஞ்சினால் பதற வேண்டியதில்லை. ஆனால் ஈயம் தாயிடமிருந்து கருவுக்கும், சிறிதளவு பாலுக்கும் போகக் கூடியது. ஒரே சக்கரவள்ளிக் கூழை, ஒரே கேரட் கூழை அன்றாடம் பலமுறை எடுக்கும் தாய் இதை யோசித்தாக வேண்டும்.

நம் ஊரில் கதை வேறு. இங்கே பெரியவர்கள் இரகசியமாகத் தின்பது கூழ் அல்ல, செரலாக். பேரனுக்குக் கலக்கும்போது ஒரு கரண்டி வாய்க்குப் போகாத வீடு குறைவு (நம் வீட்டையும் சேர்த்துத்தான்). அதைக் 'குழந்தை உணவு, லேசானது' என்று எடை குறைக்க நினைப்பவர்கள் எடுத்தால் ஏமாந்துபோவார்கள். மாவாக 100 கிராமில் 400 கலோரிக்கு மேல் வரும். இந்தியாவில் விற்கும் செரலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்க்கப்படுவதாக 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு வெளிப்படுத்திய பிறகுதான் அந்தச் சர்க்கரை பேச்சுக்கு வந்தது. குழந்தை உணவை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஒரு பெரிய மனுஷி, 'என் டயட் சீக்ரெட்' என்று அதைத் தின்று காட்டும் ரீல்ஸை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது?

கூழ் உணவு உண்மையில் தேவைப்படும் பெரியவர்களும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுபவர்கள், பல் பிடுங்கியவர்கள், மிகவும் முதிர்ந்த உம்மா வாப்பாக்கள். அவர்களுக்கும் குழந்தைக் குப்பி ஏற்றதல்ல. புரதமும் சக்தியும் போதாது. சோறு, பருப்பு, முள் எடுத்த மீன் எல்லாவற்றையும் வீட்டிலேயே மிக்ஸியில் அடித்து, எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக் கொடுப்பது நல்லது.

இனி அந்தச் சகோதரி. நம் கடற்கரை ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் யாராவது சமைத்துப் போடுவார்கள். பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், கருவாடு என்று அவள் போதும் போதும் என்கிற வரை. அந்த ஏற்பாட்டிலும் குறை உண்டு. எல்லாமே மருத்துவர் ஒப்புவதல்ல. ஆனாலும் அவள் சாப்பிட்டாளா என்று கேட்க ஒரு வாய் இருந்தது. நியூஜெர்சி அடுக்ககத்தில் அந்த வாய் இல்லை. உம்மாவின் விசா ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது. கணவர் காலையில் போனால் இரவுதான். அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் திறக்க முடிவது அந்தப் பை ஒன்றுதான். அதற்கு மேல், போனில் முகம் பார்க்கும்போதெல்லாம் 'வெயிட் போட்டுட்டியே' என்று இங்கிருந்தே சொல்லும் நம் வீட்டுப் பெண்கள். டயட் என்ற சொல், சாப்பிட முடியாத நிலைமைக்குக் கிடைத்த மரியாதையான பெயர்.

இதையெல்லாம் அவருக்கு நாம் எழுதவில்லை. ஹலால் பதிலை அனுப்பிவிட்டு, அடுத்த வரியில், "இன்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவருடைய கணவரின் எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஸலாம் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், ஒரு விவரம். நோன்புக் கஞ்சியைக் காலையிலேயே குக்கரில் வைத்துவிட்டுப் போனால் மதியம் வரைக்கும் தாங்குமா?"