அமெரிக்காவில் குடியேறிய குருவி

முற்றத்தில் சிந்திய அரிசியைக் கொத்தும் சிட்டுக்குருவியை அறியாத வாசகர் இரார். அதே பட்சி அமெரிக்காவிலும் உண்டு. ஆனால் அங்கே அது மண்ணுக்குரிய பிராணி அன்று. கப்பலேறி வந்த குடியேறி.

நியூயார்க்கை அடுத்த புரூக்ளின் நகரில் வீதியோர மரங்களைப் புழுக்கள் தின்று மொட்டையாக்கி வந்தன. அவற்றை ஒழிக்க உபாயம் தேடியவர்கள் இங்கிலாந்திலிருந்து சில குருவிகளைத் தருவித்து, 1851-ஆம் வருஷத்தில் பறக்கவிட்டனர். மற்ற ஊரார்களும் அவ்வாறே செய்தனர். அரை நூற்றாண்டுக்குள் அட்லாண்டிக் கரை தொடங்கிப் பசிபிக் கரை வரை குருவிக் குடும்பம் பரவிவிட்டது.

பெருகியவுடன் பழியும் பிறந்தது. குஞ்சுக்குப் புழு ஊட்டுமேயன்றி, வளர்ந்த குருவிக்குத் தானியமே பிரதான ஆகாரம். வயலில் கதிரையும் தோட்டத்தில் மொட்டையும் அது கொத்திற்று. அந்நாட்டு நீலப்பறவைகளை மரப்பொந்துகளிலிருந்து விரட்டிற்று. 1889-ல் வால்டர் பாரோஸ் என்பவர் தயாரித்து, அரசாங்க விவசாய இலாகா வெளியிட்ட அறிக்கை சுமார் 400 பக்கம். குருவியை ஒழிக்கும் வழிகளும் அதில் அடக்கம். 1918-ல் பறவைகளைக் காக்க இயற்றிய சட்டத்திலும் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அசையாத குருவியை அசைத்தது மோட்டார் வண்டி! குதிரைவண்டிக் காலத்தில் வீதியெங்கும் தீனிப்பையிலிருந்து ஓட்ஸ் தானியம் சிந்தும். சாணத்திலும் செரிக்காத மணிகள் கிடக்கும். நகரத்துக் குருவிக்கு அதுவே அன்னசத்திரம். குதிரை போயிற்று, சத்திரமும் மூடிற்று. டென்வர் நகரத்து வைத்தியர் பெர்க்டோல்ட் என்பவர் 1921-லேயே இத்தொடர்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

இரண்டாம் வீழ்ச்சி அதனினும் பெரிது. 1966 முதல் அந்நாட்டில் ஒரு கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பறவைகளை இனம் காணத் தெரிந்த தொண்டர்கள், குறித்த பாதையில் விடியற்காலை புறப்பட்டு, 50 இடங்களில் நின்று, ஒவ்வோரிடத்திலும் 3 நிமிஷம் கண்ணிலும் காதிலும் பட்ட பறவைகளையெல்லாம் குறிக்கிறார்கள். அக்கணக்கின்படி சிட்டுக்குருவியின் தொகை நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. கோழியும் மாடும் பல பயிரும் சேர்ந்திருந்த சிறு பண்ணைகள் மறைந்ததும், அறுவடை யந்திரங்கள் மணி சிந்தாமல் வாரிக்கொள்வதும், குஞ்சுக்கு வேண்டிய பூச்சிகளை மருந்து தெளித்துக் கொல்வதும் காரணங்களாக அறிஞர் கருதுகின்றனர்.

'வந்தேறிதானே, போகட்டும்' என்று சிலர் எண்ணலாம். நீலப்பறவையிடம் அன்புடையோர் மகிழவும் கூடும். ஆனால் அமெரிக்கா, கனடா இரண்டிலும் 1970-க்குப் பிறகு எல்லா இனமுமாக ஏறக்குறைய 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். புல்வெளியை நம்பி வாழும் பறவைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. அவை வந்தேறிகள் அல்ல. அந்த மண்ணின் புராதனக் குடிகள். வயலில் பூச்சி அற்றுப்போனால் அந்நியக் குஞ்சும் சுதேசக் குஞ்சும் ஒருங்கே பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

குருவி புறப்பட்டு வந்த பிரிட்டனிலும் நிலைமை நன்றாயில்லை. 2002-ல் அதனைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தனர். நம் நாட்டைப் பற்றி 2020-ல் வெளியான அறிக்கை, தேசம் முழுவதையும் நோக்கினால் குருவியின் தொகை நிலைத்திருப்பதாகவும், சென்னை முதலிய பெருநகரங்களில் மட்டும் குறைந்திருப்பதாகவும் கூறுகிறது.

அருமையான பட்சி மறைந்தால் பலர் தேடுவர். எங்கும் காணும் பட்சி குறைவதை எண்ணிப் பார்த்தவனே அறிவான். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அத்தொண்டர்கள் அருவருக்கப்பட்ட குருவியையும் விடாமல் எண்ணினார்கள். அதனாலன்றோ இக்கதை நமக்குத் தெரிந்தது! நம் தெருக் குருவியையும் யாரேனும் வருஷந்தோறும் எண்ணி எழுதி வைப்பது நல்லது.