பத்தொன்பது இடமும் ஒரு துமுக்கிச் சூடும்

நிகரமைக் கட்சிகள் (சோசலிசுட்டுக் கட்சிகள்) ஏன் தேய்ந்தன என்று எழுதப் புகுவோர் தேர்தல் முறையின் மீதே குற்றம் சாற்றுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1951-52இல் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில் செயப்பிரகாசு நாராயணரும் இராம் மனோகர் இலோகியாவும் முன்னின்ற சோசலிசுட்டுக் கட்சி 254 தொகுதிகளில் ஆள் நிறுத்திற்று. நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஒப்போலை பெற்றது. வென்ற இடங்களோ பன்னிரண்டே. அதே தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி 49 இடங்களில் மட்டும் நின்று, நூற்றுக்கு மூன்றளவே ஒப்போலை பெற்று, 16 இடங்களைக் கைக்கொண்டது. தான் வேரூன்றிய மண்ணில் அது நின்றது. இவர்களோ நாடெங்கும் சிதறித் தெளித்தனர். நாகர்கோவிலில் திருவிதாங்கூர்த் தமிழ்நாட்டுப் பேராயத்தின் நேசமணி வென்றதும் மண்ணின் வலிமையாலேயே.

ஆயினும் தோற்பது இழிவன்று. கட்டுத்தொகை போனாலும் கொள்கை போகாதிருந்தால் அக்கட்சிக்கு மறுநாள் உண்டு. நிகரமையாளர் உண்மையில் தோற்றது தேர்தலில் அன்று. சிறிதளவு ஆட்சி கைக்கு வந்தபோதே.

1952இல் அவர்கள் கிருபளானியின் கட்சியோடு இணைந்து பிரசா சோசலிசுட்டுக் கட்சியாயினர். 1954இல் திருவிதாங்கூர் - கொச்சிச் சட்டமன்றத்தின் 117 இடங்களில் 19 இடமே பெற்ற அக்கட்சி, பேராயக் கட்சியின் தாங்கலில் அமைச்சவை அமைத்தது. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சரானார். நூற்றுப் பதினேழில் பத்தொன்பது! பிறர் தோளில் ஏறி அமர்ந்தவர்க்கு இறங்கும் துணிவு எங்கிருந்து வரும்?

தென்திருவிதாங்கூர்த் தமிழர் கேட்டது பொன்னன்று, பொருளன்று. தாம் வாழும் தமிழ் வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்பதே. 1954 ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அவர்களுக்குக் கிடைத்த விடை துமுக்கிக் குண்டு. ஏழைக்குக் குரல் கொடுப்பதாகச் சொல்லி ஒப்போலை கேட்ட கட்சியின் ஆட்சியில், தம் மொழிநிலத்தைக் கேட்ட உழவரும் தொழிலாளரும் பிணமாயினர்.

கட்சியின் பொதுச்செயலர் இலோகியா அப்போது வடபுலத்துச் சிறையில் இருந்தார். அங்கிருந்தே, அமைச்சவை பதவி விலக வேண்டும் என்று வலியுறுத்தினார். அவருடைய மொழிக்கொள்கை தமிழர்க்கு உவப்பானதன்று. ஆங்கிலத்தை அகற்றுக என்னும் அவர் முழக்கத்தால் இங்கு இந்திக்கே வழி திறக்கும் என்னும் அச்சம் பொய்யன்று. எனினும், சுடப்பட்ட தமிழனுக்காகத் தம் கட்சியின் ஆட்சியையே இழக்கத் துணிந்தவர் என்னும் சிறப்பை அவரிடமிருந்து பறிப்பது அறமாகாது. தாணுப்பிள்ளை விலகவில்லை, கட்சித் தலைமையும் அவரை விலக்கவில்லை. காக்கப்பட்ட அவ் அமைச்சவை பேராயக் கட்சி கைவிட்டதும் 1955 பிப்பிரவரியில் கவிழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் இலோகியா தனிக்கட்சி கண்டார்.

அதன்பின் நடந்த நாடாளுமன்றத் தேர்தல்களில் இரு பிரிவுகளும் தனித்தனியே நின்றன. 1962இல் ஒன்றுக்குப் பன்னிரண்டு, மற்றதற்கு ஆறு. 1967இல் சற்றே தலைநிமிர்ந்து, 1971இல் மூன்றும் இரண்டுமாய்ச் சுருங்கின. எஞ்சியோரில் பெரும்பாலோர் 1977இல் சனதாக் கட்சியில் கரைந்தனர்.

அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு சேர்ந்தன. தாணுப்பிள்ளை 1960இல், பேராயக் கட்சியின் கூட்டிலேயே, கேரள முதலமைச்சரானார். 1962இல் பஞ்சாபு ஆளுநர் பதவி தரப்பட்டு அங்கே சென்றார்.