"கார்டு போச்சு தம்பி" - இது பரிசோதனையா, ஜோசியமா?

"நோ டிஸ்ப்ளே". கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் இந்த இரண்டு வார்த்தைக்கு இருக்கும் பயபக்தி, ஆஸ்பத்திரியில் "ஐ.சி.யூ." என்பதற்குக்கூட இருக்காது. இந்த வார்த்தையைக் கேட்டதும் கொண்டுவந்தவன் முகம் செத்துப்போகும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வசனம் வரும்.

காட்சி இதுதான். பெரம்பலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்து வரும் ஒரு கல்லூரி மாணவன். புதிதாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டை மாட்டுகிறான். பேன் சுற்றுகிறது, கேபினட்டில் விளக்கெல்லாம் எரிகிறது, மானிட்டர் மட்டும் "நோ சிக்னல்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறது. கேபினட்டைப் போர்வையில் சுற்றி, பைக்கில் பின்னால் நண்பனை உட்காரவைத்துப் பிடிக்கச் சொல்லி, கடைக்குக் கொண்டு போகிறான்.

"அண்ணே, டிஸ்ப்ளே வரலைண்ணே."

அண்ணன் ஒரு தடவை ஆன் செய்து பார்க்கிறார். "கார்டு போச்சு தம்பி. இல்லைன்னா போர்டு போயிருக்கும்."

முடிந்தது! அரை நிமிடத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்குத் தீர்ப்பு. சாட்சி இல்லை, விசாரணை இல்லை, மேல்முறையீடும் இல்லை. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிழைக்கிற மாவட்டத்தில் முப்பதாயிரம் என்பது என்ன பணம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெங்காயம் விலை போகாத வருஷத்தில் அது ஒரு குடும்பத்தின் முழுப் போகம். "கேம் ஆட வாங்கினதுதானே" என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வேலை, இப்போது செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கான பிராஜெக்ட் எல்லாம் இந்தக் கார்டை நம்பித்தான் ஓடுகின்றன. கேம் ஆடவே வாங்கியிருந்தாலும்தான் என்ன? காசு கொடுத்து வாங்கின பொருள் வேலை செய்ய வேண்டாமா?

உண்மை என்னவென்றால், புதுக் கார்டில் டிஸ்ப்ளே வராததற்குக் கார்டு செத்திருப்பது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய காரணம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை ஒரு டஜன் இருக்கின்றன. பலவற்றுக்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? பழைய பழக்கத்தில் மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. வாயிலேயே சொருகிவிட்டு, கார்டில் படம் வரவில்லை என்று அழுபவர்கள் உண்டு (சிரிக்காதீர்கள், படித்தவர்களும் இதில் அடக்கம்). கார்டு மாட்டியதும் பல போர்டுகள் உள்ளிருக்கும் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். கேபிள் கார்டின் வாயில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, பிராசஸரின் பெயர். இன்டெல்லில் கடைசியில் "எஃப்" என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. ஏ.எம்.டி.யின் பழைய ரைசன்களில் "ஜி" இல்லாத பெரும்பாலானவை அப்படித்தான். அந்த பிராசஸரை வைத்துக்கொண்டு "கார்டைக் கழற்றிப் பார்த்தேன், அப்பவும் வரலை, அதனால போர்டு அவுட்" என்று சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். கார்டைக் கழற்றினால் அதில் படம் எங்கிருந்து வரும்?

அடுத்தது கரண்ட். இங்கேதான் பெரிய திருட்டு நடக்கிறது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.-இல் இருந்து தனி வயர் வர வேண்டும். 6 முள் வயர் 75 வாட், 8 முள் வயர் 150 வாட். அந்த வயரைச் சொருகாமலே ஆன் செய்தால் பேன் மட்டும் பேய் மாதிரி சுற்றும், படம் வராது. வயர் இல்லாத மலிவு எஸ்.எம்.பி.எஸ். என்றால் ஹார்ட் டிஸ்க் வயரில் இருந்து மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கடையில் கொடுப்பார்கள். அது சூடாகி உருகினால் அப்போதும் "கார்டு போச்சு"தான்! பிராசஸருக்குப் போகும் 8 முள் வயரும் கார்டுக்குப் போகும் 8 முள் வயரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். பலத்தைக் காட்டித் திணித்தால் அப்போது நிஜமாகவே போய்விடும்.

எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 என்று இருக்கும். அது வாட் என்று நாமே நினைத்துக்கொள்வோம். கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 பெருக்கல் 14, மொத்தமே 168 வாட். இன்றைய கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட் கேட்கும். பிராசஸர் 65 வாட் என்று வைத்துக்கொண்டாலும் 180 ஆகிவிட்டது. மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், பேன் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. 450 என்று பெட்டியில் அச்சடித்தவன், அதை விற்றவன், "இது தாங்கும் தம்பி" என்று மாட்டிவிட்டவன் எல்லோரும் நல்லவர்கள். கார்டு மட்டும் குற்றவாளி!

வீட்டுக் கரண்டும் நம் ஊரில் ஒரு பாத்திரம். பேப்பரில் 230 வோல்ட். பம்புசெட்டுகள் ஓடுகிற நேரத்தில் கிராமத்து டிரான்ஸ்பார்மரின் கடைசிக் கம்பத்து வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் கதை தெரியும். கடையில் நன்றாக ஓடும் சிஸ்டம் வீட்டில் ஓடாமல் இருக்க இது ஒன்றே போதும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள்ளாக மாட்டும் பழக்கத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரை. அரியலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சொத்து உண்டு: புழுதி. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் லாரியும் நிறைந்த ஊரில் நாலு வருஷமாக காலியாகக் கிடந்த ஸ்லாட்டில் என்ன படிந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரஷ்ஷால் ஸ்லாட்டைத் தட்டி, கார்டின் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, "க்ளிக்" சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினால் படம் வந்த கதைகள் ஏராளம். ரேமையும் அதே மாதிரி ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கலாம். செலவு: ரப்பர் ஐந்து ரூபாய்.

இதெல்லாம் செய்தும் வரவில்லையா? மதர்போர்டே வாய் திறந்து சொல்லும். அந்தக் காலத்தில் பீப் சத்தம் இருந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் அவார்ட் பயாஸில் வீடியோ கோளாறு என்று அர்த்தம். இப்போது கேபினட்டில் அந்தக் குட்டி ஸ்பீக்கரையே வைப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பல போர்டுகளில் சி.பி.யூ., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நாலு பொட்டு விளக்குகள் இருக்கின்றன. எந்த விளக்கு எரிந்தபடியே நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டிராம் விளக்கு எரிகிறபோது கார்டைக் குறை சொல்வது, காலில் முள் குத்தியவனுக்குக் கண் ஆபரேஷன் செய்வது மாதிரி.

இனி பெரிய இடத்துக்கு வருவோம். கடைக்கார அண்ணனை மட்டும் திட்டிவிட்டுக் கம்பெனிக்காரனை விட்டால் அது நியாயம் இல்லை. கார்டும் நல்லது, போர்டும் நல்லது, கரண்டும் நல்லது, ஆனாலும் படம் வராது என்ற நிலைமை உண்டு. பழைய போர்டின் பயாஸும் புதுக் கார்டின் பர்ம்வேரும் ஒன்றின் பாஷை ஒன்றுக்குப் புரியாமல் நிற்கும். 2011 வாக்கில் வந்த எச்61 மாதிரிப் போர்டுகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் நம் ஊரில் இது சாதாரணம். பயாஸை அப்டேட் செய்தால், அல்லது சி.எஸ்.எம். என்ற பழைய முறையில் இருந்து யு.இ.எஃப்.ஐ. முறைக்கு மாற்றினால் பல சமயம் சரியாகும். இதை என்விடியாவே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2018-இல் டிஸ்ப்ளே போர்ட் வழியாக மானிட்டர் மாட்டினால் விண்டோஸ் வரும்வரை திரை கறுப்பாக இருக்கும் சிக்கலுக்காக, அப்போதைய கார்டுகளுக்கு ஒரு பர்ம்வேர் அப்டேட் வெளியிட்டது. 2023-இல் ஆர்.டி.எக்ஸ். 4060 டிஐ-க்கு அதே மாதிரி ஒன்று. 2025-இல் 5060 வரிசைக்கு, ரீபூட் செய்தால் திரை கறுப்பாவதற்காக இன்னொன்று. ஏழு வருஷத்தில் மூன்று தடவை ஒரே வியாதி!

இதில் இருக்கும் வேடிக்கையைக் கவனித்தீர்களா? திரையில் படம் வராததைச் சரிசெய்யும் மென்பொருளை ஓட்ட, திரையில் படம் வர வேண்டும். வேறு கார்டு வேண்டும், இல்லையென்றால் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் வேண்டும், இல்லையென்றால் வேறொரு போர்டு வேண்டும். திருச்சியிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ இருப்பவனுக்கு இது பத்து நிமிட வேலை. பெரம்பலூர்க்காரனுக்கு? ஊரில் ரயில் நிலையம்கூடக் கிடையாது. கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருச்சிக்கு அறுபது கிலோமீட்டர். இந்த அப்டேட் பற்றிக் கார்டுப் பெட்டிக்குள் தமிழில் வேண்டாம், ஆங்கிலத்திலாவது ஒரு துண்டுச் சீட்டு வைத்தால் குறைந்தா போய்விடும்?

கம்பெனி தப்பே செய்யாது என்று நினைப்பவர்களுக்குப் பழைய கதை ஒன்று. 2008 ஜூலையில் லேப்டாப்களில் இருந்த தன் சிப்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாகின்றன என்று இதே நிறுவனம் அறிவித்து, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. கோர்ட்டுக்குப் போன பிறகு அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு ஏதோ பரிகாரம் கிடைத்தது. அதே சிப் இருந்த லேப்டாப்பை இங்கே வைத்திருந்தவர்கள் "போர்டு போச்சு சார்" என்ற வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு போர்டு மாற்றினார்கள்.

சரி, அண்ணன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுவோம். அவர் ஏன் பரிசோதிக்காமல் தீர்ப்பு சொல்கிறார்? பரிசோதனைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, கடைசியில் ரேம் லூஸாக இருந்தது என்று கண்டுபிடித்து முந்நூறு ரூபாய் கேட்டால், "இதுக்குப் போய் முந்நூறா? ஒண்ணுமே மாத்தலையே!" என்று சண்டைக்குப் போகிற ஜனங்கள் நாம். அதே ஆளிடம் ஏழாயிரத்துக்கு போர்டு மாற்றினால் வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு வருவோம். பொருளுக்குக் காசு உண்டு, மூளைக்குக் கிடையாது என்று விதி போட்டது வாடிக்கையாளர்கள்தான். பிறகு அவர் பொருளை விற்கத்தானே பார்ப்பார்? ஆனால் இது அவருடைய பிழைப்புக்கான விளக்கம்தானே தவிர, பொய்யான தீர்ப்புக்கான நியாயம் இல்லை. "தம்பி, பார்க்க முந்நூறு ஆகும், பிரச்சினை இருந்தாலும் இல்லாட்டியும்" என்று கடை வாசலில் எழுதி ஒட்டட்டும். கொடுக்கிறவன் கொடுப்பான்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, வேறு கம்ப்யூட்டரில் மாட்டியும் வரவில்லை என்றால், ஆமாம், கார்டு நிஜமாகவே செத்துத்தான் வந்திருக்கிறது. அப்போது அடுத்த நாடகம் ஆரம்பிக்கும். "விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது", "கம்பெனிக்கு அனுப்பணும், மாசக்கணக்காகும்", "நீங்கதான் தப்பா மாட்டி எரிச்சிட்டீங்க". இந்த முதல் வாக்கியத்தைப் பில் புத்தகத்தில் அச்சடித்திருப்பதாலேயே அது சட்டம் ஆகிவிடாது. 2020 ஜூலை 20-இல் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிச் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. சென்னையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், வாங்கியவன் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் பில் வேண்டுமே! "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் ஜி.எஸ்.டி. வரும் தம்பி, வேணாம்னா குறைச்சுத் தரேன்" என்ற இடத்தில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். மிச்சம் பிடித்த அந்தப் பணம்தான் பிறகு முழுக் கார்டையும் விழுங்குகிறது. பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதச் சொல்ல வேண்டும். பெட்டியில் இருக்கும் நம்பரும் கார்டின் முதுகில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்ற பிறகு, இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் செகண்ட் ஹாண்டில் குவிந்தன; துடைத்துப் பெட்டி போட்டால் புதுசு மாதிரிதான் தெரியும். பெட்டியைத் திறப்பதில் இருந்து ஆன் செய்வது வரை நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டால், "நீங்கதான் எரிச்சிட்டீங்க" என்பதற்கு அதுவே பதில். அந்தக் காலிப் பெட்டியை வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். இடத்தை அடைக்கிறது என்று அம்மா பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம் :-)