விசைப்பலகையின்மேல் வீண்பழி

மாலைவரை நன்கு இயங்கிய மடிக்கணினி, இரவில் இயங்குதள மேம்பாட்டை ஏற்கிறது. காலையில் அது கடவுச்சொல் கேட்கிறது. எவ்விசையை அழுத்தினும் ஓரெழுத்தும் விழவில்லை. வீட்டுக்கு உரியவரையே வாயிலில் நிறுத்திக் கதவடைத்த கொடுமை இது! உரியவர் பழுதுபார்ப்பவரிடம் ஓடுகின்றார். அவரோ பலகையையே மாற்ற விலை கூறுகின்றார். பிழை ஓரிடத்தது, இழப்பு வேறிடத்தது. இது முறையாகுமா?

விசைப்பலகை விடுக்கும் குறிப்புகளை இயங்குதளத்திற்கு எடுத்துரைப்பது இயக்கி என்னும் சிறு மென்பொருளே. மேம்பாட்டிற்குப் பின் அவ்வியக்கி புதிய தளத்தோடு பொருந்தாது போயின், நலமான பலகையும் ஊமையாகும். இதனைப் பிரித்தறிதல் எளிது. கணினியைத் தொடங்கி, இயங்குதளம் எழுமுன்னரே அதற்குரிய விசையை அழுத்தி, அடிப்படை அமைப்புத் திரைக்குள் செல்க. ஆங்கு விசைகள் இயங்கின், பலகை பழுதன்று என்பது தெளிவு.

பின்னர், நுழைவுத் திரையின் கீழ்மூலைக் குறியால் திரை விசைப்பலகையை வரவழைத்து, சுட்டியால் கடவுச்சொல்லை இட்டு உட்புகலாம். விண்டோசு தளமாயின், கருவி மேலாளர் பகுதியில் விசைப்பலகை இயக்கியை நீக்கி மறுபடி தொடங்கினால், தளமே அதனை மீண்டும் நிறுவிக்கொள்ளும். அதனாலும் தீராவிடின், முன்னைய பதிப்பிற்கே திரும்புவதுதான் வழி.

அவ்வழியோ குறுகிவிட்டது! 2015-இல் விண்டோசு 10 வெளிவந்தபொழுது, பழைய பதிப்பிற்குத் திரும்ப 30 நாள் இருந்தது. 2016-இல் அது 10 நாளாகக் குறைக்கப்பட்டது. வெளியூர் சென்று திரும்புவோர்க்கும், பழுதின் வேர் எதுவெனத் தேடித் திரிவோர்க்கும் 10 நாள் போதுமா?

மேம்பாடு பிழையே செய்யாது என்பாரும் உளர். 2025 அக்டோபர் 14 அன்று வெளிவந்த விண்டோசு 11 மேம்பாட்டால், பழுது நீக்குதற்கென்றே அமைந்த மீட்புப் பகுதியில், யு.எசு.பி. வழி இணைந்த விசைப்பலகையும் சுட்டியும் செயலற்றன. மைக்ரோசாப்டு நிறுவனமே அதனை ஒப்புக்கொண்டு, அக்டோபர் 20 அன்று திருத்தம் விடுத்தது. செய்தவர் கையிலேயே பிழை நேருமெனின், அதனை ஏற்பவர்க்குத் திரும்பும் வழியைக் குறுக்குவது எவ்வகை அறம்?

பழைய 30 நாளை மீண்டும் தருக! அதுவரை, பலகையை மாற்றக் காசு நீட்டுமுன், மேற்கூறிய ஆய்வை ஒவ்வொருவரும் தம் கையாலேயே செய்து பார்த்தல் வேண்டும்.